கடைசியாக உண்பவர் யார்?

வீட்டில் அடுப்பெரியாத நாள் குடும்பம் குலைகின்ற நாள் என்று நம்மவரிற் பலர் எண்ணுகின்றனர். பாடசாலைப் பரிசளிப்பு விழாக்களிலும் நூல் வெளியீட்டுக் கூட்டங்களிலும் பண்பாட்டைப் பற்றிப் பேச எழுகின்றவர்கள் கடைச் சாப்பாட்டைக் கண்டியாமல் அமர்வது அரிது. குடும்பம் ஒன்றாக இருந்து உண்ட காலம் போய்விட்டது, பணம் கொடுத்துப் பிறர் கையால் உண்ணும் காலம் வந்துவிட்டது, அன்பும் கடைச்சரக்காகிவிட்டது. இவ்வாறு போகும் அப்பேச்சு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியத் தொழில் பார்த்த நானும் இதே பேச்சைப் பலமுறை பேசியிருக்கின்றேன், கைதட்டலும் பெற்றிருக்கின்றேன். சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை மாலை, அமெரிக்காவின் ரெக்சஸ் மாநிலத்து ஹூஸ்ரன் நகரில், மாட்டிறைச்சி வாட்டிக் கொடுக்கும் ஓர் உணவுச்சாலையில் இருந்தபோது, அப்பேச்சிற் பாதி பொய் என்பதை உணர்ந்தேன். எந்தப் பாதி என்பதைக் கூறவே இதனை எழுதுகின்றேன்.

சைவ உணவினனுக்கு அங்கே என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். பேரனுக்கு அன்று பதினான்காவது பிறந்த நாள். எங்கே போய்ச் சாப்பிடலாம் என்று அவனைக் கேட்டார்கள். அவன் அந்த இடத்தைச் சொன்னான். மகனும் மருமகளும் என் முகத்தைப் பார்த்தார்கள். பிறந்த நாள் அவனுடையது, என்னுடையதன்று. ஆதலால் நானும் என் மனைவியும் புறப்பட்டோம்.

மாட்டின் முதுகு, இடுப்பு ஆகிய பகுதிகளிலிருந்து தடித்த துண்டமாக வெட்டப்பட்ட இறைச்சியை நெருப்பிலோ இரும்புத் தட்டிலோ வாட்டிப் பரிமாறுவதை அங்கே ‘ஸ்ரேக்’ என்பர். ஒருகாலத்திற் செல்வர்களுக்கும் கனவான்களின் கழகங்களுக்கும் உரியதாயிருந்த இவ்வுணவைச் சாதாரணக் குடும்பங்களும் வாங்கி உண்ணத்தக்க விலைக்குக் கொண்டு வந்தவை, ஒரே பெயரும் ஒரே தோற்றமும் ஒரே உணவுப் பட்டியலும் கொண்டு நாடெங்கும் கிளைவிட்ட உணவுச்சாலைகளே. கலிபோர்னியாவிற் ‘சிஸ்லர்’ 1958 இல் தொடங்கிற்று. ‘லோங்ஹோர்ன்’ 1981 இல் அற்லாண்டாவிற் பிறந்தது. அவுஸ்திரேலியாவின் வேடம் பூண்ட ‘அவுட்பக்’ 1988 இல் தொடங்கப்பட்ட இடம் புளோரிடா மாநிலம். ‘ரெக்சஸ் ரோட்ஹவுஸ்’ என்ற பெயர் கொண்டதோ 1993 இல் இந்தியானா மாநிலத்திற் கண் விழித்தது. ஊரை விட்டுப் பெயர்ந்தவன் தன் ஊரின் பெயரைத் தன் கடைக்கு இடுவதை நாம் அறிவோம். வெள்ளவத்தையிலும் ரொறன்ரோவிலும் அத்தகைய பெயர்ப்பலகைகளைக் கண்டிருக்கின்றோம். இங்கேயோ பெயர் ஓரூர், பிறப்பு வேறூர். சுவரிலே தொங்கும் மாட்டுக்கொம்பும் குதிரைச்சேணமும் எவருடைய பாட்டனாருக்கும் சொந்தமானவையல்ல. ஆயினும் உள்ளே வந்திருப்பவர்களின் பசி மெய்யானது. அவர்கள் கூட்டி வந்த பிள்ளைகளும் மெய்யானவர்கள்.

நாங்கள் போன உணவுச்சாலையின் பெயர் இங்கு வேண்டியதில்லை. வாசலிலே பெருங்கூட்டம். கையடக்கமான ஒரு சிறு கருவியை மகனிடம் கொடுத்தார்கள். முறை வந்ததும் அது துடித்து ஒளிவிடுமாம். முக்கால் மணி நேரத்துக்கு மேலாகக் காத்திருந்தோம். அந்த நேரம் வீணாகிப் போகவில்லை. சுவரோரமாக இருந்த நீண்ட வாங்கிலே எங்களுக்கு ஒரு பக்கத்தில் மெக்சிக்க வழிவந்த ஒரு குடும்பம். தகப்பன் தொழிலுடுப்போடு வந்திருந்தான். சப்பாத்திலே சீமெந்து காய்ந்திருந்தது. மறு பக்கத்திற் கறுப்பினத்தவரான ஒரு முதியவரும் அவருடைய இரண்டு பேத்திகளும். எதிரே சக்கர நாற்காலியில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி. அவளுடைய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வாலிபன். எல்லாருடைய கையிலும் அதே கருவி. எவருடைய கருவி முதலில் துடிக்கும் என்று பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்த வரிசையை அன்றி வேறெதனையும் அக்கருவி அறியாது.

உள்ளே ஒரே இரைச்சல். பாட்டு ஒரு பக்கம். கோப்பைகள் மோதும் ஓசை ஒரு பக்கம். எங்கோ ஒரு மேசையிலே பிறந்தநாட் கூச்சல். ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேளாது. அமைதியாக உண்ண வேண்டும் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்த பெரியோர் அங்கே ஒரு கணமும் இருக்க மாட்டார்கள். சூடான பாண் உருண்டைகளை வெண்ணெயோடு கொண்டு வந்து வைத்தாள் பரிமாறும் பெண். இருபது வயதிருக்கும். தன் பெயரைச் சொல்லிவிட்டு, ஒவ்வொருவராகப் பார்த்து, என்ன வேண்டும் என்று கேட்கத் தொடங்கினாள்.

பேரனிடம் கேட்ட கேள்வி எனக்குப் புதுமையாயிருந்தது. இறைச்சியை எவ்வளவு வாட்ட வேண்டும் என்பதே அக்கேள்வி. உள்ளே சிவப்பு மாறாமல் வாட்டுவது முதல், முற்றாகக் கருகும் அளவுக்கு வாட்டுவது வரை ஐந்து படிகள் உள்ளன. நடுப்படி ஏறக்குறைய 60 பாகை செல்சியஸ். வெட்டும்போது வடிகின்ற செந்நீர் குருதியென்று நான் எண்ணியிருந்தேன். அது குருதியன்று, தசையிலுள்ள மயோகுளோபின் என்ற புரதம் கலந்த நீர் என்று விஞ்ஞானம் படிக்கும் பேரன் எனக்குப் பாடம் சொன்னான். சொல்லிவிட்டு, “அப்பப்பா, உங்களுக்கு அரியண்டமா இருக்கோ? நான் கோழி எடுக்கட்டோ?” என்று கேட்டான். அவ்வாறு கேட்கத் தெரிந்த பிள்ளை எதை உண்டாலும் பழுதில்லை என்று எனக்குத் தோன்றிற்று. “உனக்கு விருப்பமானதைச் சாப்பிடு ராசா” என்றேன். எனக்குத் தோலோடு சுட்ட ஒரு பெரிய உருளைக்கிழங்கும் பச்சை இலைக் கலவையும் போதுமாயிருந்தன.

பின்னர் அந்தப் பெண் என் மனைவியின் பக்கம் திரும்பிக் கேட்டாள். மனைவிக்கு ஆங்கிலம் ஓரளவு விளங்கும். ஆயினும் மறுமொழி வரவில்லை. “மாமி, உங்களுக்கு என்ன வேணும் எண்டு கேக்கிறா” என்றாள் மருமகள்.

“எனக்கென்ன, மிச்சம் இருக்கிறதைச் சாப்பிடுவன்.”

மருமகள் சிரித்தாள். “இஞ்ச மிச்சம் எண்டு ஒண்டும் இல்லை மாமி. நீங்கள் சொன்னால்தான் செய்வினம்.”

என் மனைவி உணவுப் பட்டியலைக் கையிலெடுத்தாள். அதில் இறைச்சியில்லாதவை நாலைந்துதான். அந்த நாலைந்தையும் அவள் நெடுநேரம் பார்த்தாள். பரிமாறும் பெண் பொறுமையோடு நின்றாள். கடைசியில் மனைவி என்னைப் பார்த்து, “நீங்கள் என்ன எடுத்தனீங்கள்? எனக்கும் அதுவே” என்றாள்.

எங்களுக்குத் திருமணமாகி நாற்பத்தாறு ஆண்டுகள். உனக்கு என்ன வேண்டும் என்று அந்நாற்பத்தாறு ஆண்டுகளில் நான் அவளை ஒருமுறையேனும் கேட்டதாக நினைவில்லை. அவளும் தன்னைத் தானே கேட்டதில்லை. ஆகையால் மறுமொழி அவளிடம் இருக்கவில்லை. சாப்பாடு வந்தபோது இன்னொன்றையும் கண்டேன். கோப்பைகள் மேசைக்கு வந்ததும் அவள் தன்னையறியாமல் எழும்பி, மற்றவர்களுக்கு எடுத்து வைக்கக் கையை நீட்டினாள். “அம்மா, இருங்கோ” என்றான் மகன். இருந்தாள். சற்று நேரத்தில் தண்ணீர் எடுக்க மீண்டும் எழும்பப் பார்த்தாள். தண்ணீர் முன்னமே நிரப்பப்பட்டிருந்தது. பிறகு வேறு வழியில்லாமல் உண்ணத் தொடங்கினாள். அவள் முதற் கவளத்திலிருந்து கடைசிக் கவளம் வரையும் இருந்த இடத்தில் இருந்து, எங்களோடு சேர்ந்து உண்டதை நான் அன்றுதான் பார்த்தேன்.

நாம் மேடைகளிற் புகழ்கின்ற, குடும்பம் ஒன்றாக இருந்து உண்ட அந்தக் காலத்தை இப்பொழுது நினைத்துப் பார்க்க வேண்டும். யார் யார் ஒன்றாக இருந்தார்கள்? எங்கள் வீட்டிலே தகப்பனாரும் ஆண்பிள்ளைகளும் விருந்தினரும் இருந்தார்கள். அம்மா குசினிக்கும் விறாந்தைக்குமாக நடந்துகொண்டிருந்தார். புட்டு ஆறிவிடக் கூடாது. சொதி குறையக் கூடாது. எல்லாரும் கைகழுவிய பின், சட்டியில் ஒட்டியிருந்ததை வழித்து, அடுப்படியிற் குந்தியிருந்து அவர் உண்டதை நான் சிறுவயதிற் கண்டிருக்கின்றேன். அதைத் தியாகம் என்று கட்டுரையும் எழுதியிருக்கின்றேன். பெயர் இட்டுவிட்டால் ஒரு வழக்கம் எவ்வளவு இலகுவாகப் புனிதமாகிவிடுகின்றது! ‘ஒன்றாக உண்டோம்’ என்ற நமது சொல்லில் அம்மா அடங்கியிருக்கவில்லை. மேடைப் பேச்சின் பொய்யான பாதி இதுவே.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய குறையன்று. ஸ்ரேக் உணவின் வரலாற்றிலேயே இது பதிந்திருக்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நியூயோர்க் அரசியற் கழகங்கள் பெரிய மாட்டிறைச்சி விருந்துகளை நடத்தின. கத்தியும் முள்ளுக்கரண்டியும் இல்லாமற் கையால் அள்ளி உண்ணும் அவ்விருந்துகள் ஆண்களுக்கே உரியவை. 1920 இல் அமெரிக்கப் பெண்கள் வாக்குரிமை பெற்றதை ஒட்டியே அங்கு அவர்களுக்கும் இடம் கிடைத்தது. அதே நகரிற் கீன்ஸ் என்ற பழைய உணவு விடுதியும் ஆண்களுக்கு மட்டுமே உரியதாயிருந்தது. லில்லி லாங்றி என்ற நடிகை 1905 இல் வழக்காடி வென்ற பின்பே அங்கே பெண்கள் அனுமதிக்கப்பட்டனர் என்பர். ஒரு துண்டு இறைச்சியைத் தின்பதற்கும் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

நான் வாங்கிலே கண்ட காட்சிக்கும் ஒரு வரலாறு உண்டு. 1960 பெப்ரவரி 1 ஆம் நாள் வடகரோலினாவின் கிறீன்ஸ்பரோ நகரில், கறுப்பின மாணவர் நால்வர், வெள்ளையருக்கென ஒதுக்கப்பட்டிருந்த உணவு மேடையில் அமர்ந்து, தங்களுக்கும் பரிமாறும்படி கேட்டனர். பரிமாற மறுத்தனர்; மாணவர் எழும்ப மறுத்தனர். அவ்வாண்டு மார்ச் 4 ஆம் நாள் ஹூஸ்ரன் நகரிலேயே, ரெக்சஸ் தெற்குப் பல்கலைக்கழக மாணவர்கள் அவ்வாறே ஓர் அங்காடியின் உணவு மேடையில் அமர்ந்தனர். அந்த ஓகஸ்டில் அந்நகரத்து உணவு மேடைகள் பல யாவருக்கும் திறக்கப்பட்டன; கலவரம் எழாதிருக்கவென்று நகரத்துப் பத்திரிகைகள் அச்செய்தியை வெளியிடாமலே இருந்தன. உணவுச்சாலைகளில் நிறம் பார்த்து ஒதுக்குவதை நாடு முழுவதும் தடை செய்த குடியுரிமைச் சட்டம் 1964 இல் வந்தது. எங்கள் பக்கத்தில் இருந்த முதியவருக்கு எண்பது வயதாவது இருக்கும். அந்நகரத்தவராயின், தம் இளமையில் இத்தகைய ஓரிடத்தின் வாசற்படியை அவர் மிதித்திருக்க முடியாது. அன்று தம் பேத்திகளோடு கருவியின் துடிப்பை எதிர்பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அமெரிக்கரின் குற்றத்தைக் கூறிவிட்டு நம்முடையதை மறைப்பது நேர்மையாகாது. யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளின் கதையை இப்பக்கத்தைப் படிக்கும் முதியோர் அறிவர். ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வாங்கு இல்லை. அவர்களுக்கு வேறு பேணி. உணவுக்கடை போன்ற பொது இடங்களிற் சாதி காரணமாக அனுமதி மறுப்பதைக் குற்றமாக்கிய சட்டம் 1957 இலேயே நிறைவேற்றப்பட்டது. ஆயினும் சட்டம் கொழும்பிலிருந்து எங்கள் ஊர்த் தேநீர்க்கடைக்கு வந்து சேரப் பல ஆண்டுகள் சென்றன. 1966 ஒக்டோபர் 21 ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி நடந்த ஊர்வலமும் அதைத் தொடர்ந்த தேநீர்க்கடைப் போராட்டங்களுமே அக்கதவுகளைத் திறந்தன. கே. டானியலின் ‘பஞ்சமர்’ முதலிய நாவல்கள் அக்காலத்துக் கொடுமைகளை நமக்கு நினைவூட்டிக்கொண்டிருக்கின்றன. ‘கடையில் உண்பது நம் பண்பாடன்று’ என்று அந்நாளிற் சிலர் உரக்கப் பேசியதற்கு, கடையில் யாரோடு இருக்க வேண்டி வருமோ என்ற அச்சமும் ஒரு காரணமன்றோ? வீட்டுக் குசினிக்குட் சாதியைக் காப்பாற்றலாம். பொதுக்கடையிற் காப்பாற்றுவது கடினம். நான் சைவ உணவை விடவில்லை; விடப்போவதுமில்லை. உயிர்க்கொலை வேண்டாமென்பது ஓர் அறம். ஆனால் அந்த அறத்தை மற்றவனைத் தள்ளி வைக்கும் வேலியாக நாம் பயன்படுத்தியதுண்டு. என் இலையிற் கிழங்கும் பேரனின் கோப்பையில் இறைச்சியும் ஒரே மேசையில் இருந்ததால் என் சைவம் குறைந்துபோகவில்லை.

இவ்வளவும் கூறியதனால் நான் அந்த உணவுச்சாலைக்கு வக்கீலாகிவிட்டேன் என்று கொள்ளல் வேண்டா. மேடைப் பேச்சின் மற்றப் பாதி மெய்யானது. அதையும் அன்றே கண்டேன்.

உண்டு முடியும் வேளையில், பரிமாறும் பெண் மீதி உணவைக் கட்டிக் கொடுக்கப் பெட்டிகளோடு வந்தாள். ஆறு பேருக்குக் கொண்டு வந்ததில் மூன்று பேருக்குக் காணும் உணவு மீந்திருந்தது. என் மனைவி அவளைப் பார்த்துவிட்டு மருமகளிடம், “இந்தப் பிள்ளை சாப்பிட்டிட்டுதோ எண்டு கேள் பிள்ளை” என்றாள். மருமகள் கேட்டாள். அப்பெண் முதலில் விளங்காமல் விழித்தாள்; பிறகு சிரித்தாள். பகல் மூன்று மணிக்கு வேலைக்கு வந்தவள், கல்லூரியிற் படிக்கின்றவள், வேலை முடிந்து வீட்டுக்குப் போனபின் சாப்பிடுவாளாம். அப்பொழுது இரவு ஒன்பதரை. எங்கள் அடுப்படியில் அம்மா இருந்த இடத்தில் இப்பொழுது இந்தப் பெண் நிற்கின்றாள் என்று எனக்குப் பட்டது. இடம் மாறியிருக்கின்றது, ஆள் மாறியிருக்கின்றாள், கடைசியாக உண்ணும் ஒருத்தி இன்னும் இருக்கின்றாள்.

அவளுடைய ஊதியத்தைப் பற்றி மகன் கூறியது என்னைத் திடுக்கிடச் செய்தது. வாடிக்கையாளர் கொடுக்கும் அன்பளிப்பை நம்பி வேலை செய்வோருக்கு, அமெரிக்க மத்திய சட்டப்படி முதலாளி கொடுக்க வேண்டிய ஆகக் குறைந்த கூலி மணிக்கு 2 டொலர் 13 சதம். 1991 ஆம் ஆண்டு தொடக்கம் இத்தொகை மாறவில்லை. அன்பளிப்பையும் சேர்த்து மணிக்கு 7 டொலர் 25 சதம் வராவிட்டால், குறையை முதலாளி நிரப்ப வேண்டும் என்பது விதி. கலிபோர்னியா, வாஷிங்ரன் உட்பட ஏழு மாநிலங்கள் இந்த வேறுபாட்டை ஒழித்து முழுக் கூலியும் கொடுக்கச் செய்துள்ளன. ரெக்சஸ் அவற்றுள் ஒன்றன்று. ஆகவே அவளுடைய வருவாயின் பெரும்பகுதி எங்கள் மனநிலையிலே தங்கியிருந்தது. நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது வரை கொடுப்பது வழக்கம். குழந்தை அழுததற்கோ குசினி சுணங்கியதற்கோ கோபங்கொண்டு ஒருவர் குறைத்துக் கொடுத்தால், அக்குறை அவளுடைய வாடகையிலே விழும். அவளுடைய சிரிப்பு அன்பினால் வந்ததா, கட்டாயத்தினால் வந்ததா என்று நாம் அறிய முடியாதபடி இவ்வேற்பாடு செய்துவிடுகின்றது. பரிமாறுகின்றவளுக்கே இவ்வாறெனின், உள்ளே வெந்தணலின் முன் நிற்கின்றவரையும், பாத்திரம் கழுவுகின்றவரையும், எங்கோ இறைச்சித் தொழிற்சாலையிற் குளிரிலே கத்தி பிடிக்கின்றவரையும் நாங்கள் காணவே இல்லை. அமெரிக்கர் உணவுக்குச் செலவிடும் பணத்திற் பாதிக்கு மேற்பட்டது இன்று வீட்டுக்கு வெளியே சமைத்த உணவுக்கே போகின்றது. அத்தனை வீடுகளின் அடுப்படி வேலையும் மறைந்து போகவில்லை, கூலிக்கு மாற்றப்பட்டிருக்கின்றது, அக்கூலியும் குறைவானது.

ஆகவே, வீட்டுச் சாப்பாடா கடைச் சாப்பாடா என்று பட்டிமன்றம் நடத்துவதிற் பயனில்லை. வீட்டிலே அன்பு உண்டு, கடையிலே காசு உண்டு என்று பிரித்துவிடுவதும் சரியன்று. எந்த மேசையைப் பற்றியும் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. இங்கே இருப்பதற்கு எவருக்கு இடமில்லை? கடைசியாக உண்பவர் யார்? முதற் கேள்விக்குப் பொதுக்கடை வீட்டைவிட நல்ல மறுமொழி கொடுத்திருக்கின்றது. அதுவும் தானாகக் கொடுக்கவில்லை, மாணவரும் உழைப்பாளரும் போராடிப் பெற்றதாற் கொடுத்தது. இரண்டாவது கேள்விக்கு வீடும் கடையும் இன்னும் நல்ல மறுமொழி கொடுக்கவில்லை. கடைக்கு அது கூலிச் சட்டத்தினால் வர வேண்டும். வீட்டுக்கு எந்தச் சட்டமும் வராது; ஆண்கள் எழும்பி அகப்பையைக் கையில் எடுத்தால் வரும்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒன்று கூற விரும்புகின்றேன். ‘எங்கள் வீட்டு விருந்து’ என்று மாணவருக்குக் கட்டுரைத் தலைப்புக் கொடுக்கின்றோம். பாயாசத்தையும் வடையையும் வருணித்துப் பிள்ளைகள் எழுதுகின்றார்கள். நாமும் மதிப்பெண் இடுகின்றோம். இனி, ‘நேற்று இரவு எங்கள் வீட்டிற் கடைசியாகச் சாப்பிட்டவர்’ என்று ஒரு தலைப்புக் கொடுத்துப் பாருங்கள். பல வீடுகளிலிருந்து ஒரே மறுமொழி வரும். அதை எழுதும் பிள்ளை, எழுதிய அன்றிரவு தன் வீட்டை வேறு கண்ணாற் பார்க்கும்.

ஊருக்குத் திரும்பிய பின், ஒரு நாட் காலையில் என் மனைவியிடம், “இண்டைக்கு உமக்கு என்ன சாப்பிட விருப்பம்?” என்று கேட்டேன். எனக்கு ஏதோ சுகமில்லை என்று அவள் எண்ணிக்கொண்டாள். மறுநாளும் கேட்டேன், “உங்களுக்கு வேற வேலையில்லை” என்றாள். மூன்றாம் நாட் குசினி வாசலிலே நின்று, சற்றுத் தயங்கி, “முருங்கைக்காய்க் கறி வேண்டாம். எனக்கு அது ஒரு நாளும் பிடிக்கிறதில்லை. உங்களுக்கு விருப்பம் எண்டுதான் இவ்வளவு காலமும் வைச்சனான்” என்றாள்.

கிழமையில் மூன்று நாள் எங்கள் வீட்டில் முருங்கைக்காய்க் கறி. நாற்பத்தாறு ஆண்டுகள்.